புள்ளி வைக்காத பேனை: ரப்லெற்றுக்கு எழுதுகோல் வாங்கும் குடும்பங்களுக்கு

விஜயதசமியன்று இலண்டனில் உள்ள எமது கோயில்களில் ஏடு தொடக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருக்கும். பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார்கள். பிள்ளை வீரிட்டு அழும். பெற்றோர் படம் எடுப்பார்கள். ஊரில் இதற்குப் பிறகு மணலில் எழுதினோம், சிலேற்றில் எழுதினோம், பென்சில் பிடித்தோம், பின்பு பேனைக்கு வந்தோம். இங்கு வளரும் எமது பிள்ளைகளுக்கு இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் ரப்லெற்றின் கண்ணாடித் திரை.

பள்ளிக்கூடத்து வீட்டுவேலை அதில் வருகிறது. ஆங்கிலம் படிக்கப் போகும் அம்மாமாரின் பாடக்குறிப்பும் அதில்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் இப்போது அதைக் காண்கிறோம். திரையில் எழுதுவதற்கென்று கடைகளில் தொங்கும் எழுதுகோலை, அதாவது ஸ்ரைலஸை, வாங்கும்போதுதான் எம்மவர் பலர் காசை வீணாக்குகிறார்கள். நாமும் வீணாக்கியவர்கள்தான். ஆகவே அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டவற்றைப் புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று எண்ணி இதை எழுதுகிறோம்.

மூன்று முறை வாங்கிய வீடு

எமது தமிழ் வகுப்புக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். குடும்பம் இங்கு வந்து இரண்டு வருடம். தகப்பனார் இரவு வேலை செய்கிறார். தாயார் வாரத்தில் மூன்று நாள் ஆங்கில வகுப்புக்குப் போகிறார். அம்மம்மா பருத்தித்துறையில் இருக்கிறார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி தன் கையெழுத்தில் வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும், அதைத் தான் திருத்தி அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. தபாலில் போய்ச் சேர நாளாகும் என்பதால், சிறுமி ரப்லெற்றில் எழுதி, அதைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள்.

முதலில் சந்தையில் மூன்று சேர்ந்து ஒரு பொதியாக விற்ற றப்பர் முனை எழுதுகோலை வாங்கினார்கள். இரண்டாவது கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே பருத்தித்துறையிலிருந்து தொலைபேசி வந்தது.

"பிள்ளை தமிழை மறந்து போச்சுதோ? ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. என்னையே 'அமமமமா' எண்டெல்லோ எழுதியிருக்கிறாள்."

தாயாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளைப் பேசினார். அவள் அழுதுகொண்டு சொன்னது இதுதான்: "நான் போட்டனான் அம்மா. அது விழேல்லை."

அவள் சொன்னது உண்மை. மெல்லத் தொட்ட இடத்தில் அந்தத் தடித்த றப்பர் பதியவேயில்லை. பழைய ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள் என்பர். அங்கே வாசிப்பவர் இடமறிந்து புள்ளியைத் தாமே சேர்த்து வாசித்தார். ஒன்பது வயதுப் பிள்ளையின் கடிதத்தை அப்படி வாசிக்க முடியுமா? அவள் அதன் பிறகு மூன்று வாரம் கடிதமே எழுதவில்லை.

தகப்பனார் மனம் பொறுக்காமல், மேலதிக வேலை செய்த காசில், ஒருவரிடமிருந்து பாவித்த அப்பிள் பென்சில் ஒன்றை வாங்கி வந்தார். விலை கூடியது, பெயர் பெற்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அவர்களுடைய ஐபாட்டில் வேலையே செய்யவில்லை. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தகப்பனார் ரப்லெற்றையும் தூக்கிக்கொண்டு எம்மிடம் வந்தார். "அண்ணை, விலை கூடினதை வாங்கினாலும் சரிவரேல்லை, குறைஞ்சதை வாங்கினாலும் சரிவரேல்லை. இனி என்ன செய்யிறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், முதலில் திரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

விரலை அறியும் திரை

ரப்லெற்றின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. எமது உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. விரல் திரையைத் தொட்டதும் அந்த இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் ரப்லெற் 'தொட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. நகத்தாலோ சாதாரண பிளாஸ்ரிக் பேனையாலோ தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. கம்பளிக் கையுறையோடு தொட்டாலும் அப்படித்தான். குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியோடு போராடியவர்களுக்கு இது விளங்கும்.

எழுதுகோல்களில் இரண்டு சாதி உண்டு.

முதலாவது, விரலைப் போல் நடிப்பவை. இவற்றுக்குள் பற்றறி இல்லை. நுனியில் மின்கடத்தும் றப்பர், அல்லது மின்கடத்தும் நூலால் பின்னிய வலைத்துணி, அல்லது ஒளி ஊடுருவும் சிறிய வட்டத்தகடு இருக்கும். எல்லாத் தொடுதிரையிலும் இவை வேலை செய்யும். விலையும் குறைவு. ஆனால் இதைத் திரை ஒரு விரலாகவே எண்ணுகிறது. எழுதும்போது உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதையும் இன்னொரு விரலாக எடுத்துக் கோடு கீறிவிடும். இதற்குப் பயந்து பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதும். பத்து நிமிடத்தில் கை உளையும். எழுத்தும் நடுங்கும்.

இரண்டாவது, தாமே பேசுபவை. இவை திரையோடு ஒரு குறிப்பிட்ட முறையில் தொடர்புகொள்கின்றன. இது பேனை, அது உள்ளங்கை என்று ரப்லெற் பிரித்தறியும். முனை மெல்லியது. பேனையால் தாளில் எழுதுவது போலக் கையை ஊன்றி எழுதலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு 'பாஷை' வைத்திருக்கிறது. அப்பிள் பென்சில் சம்சுங் ரப்லெற்றில் எழுதாது. சம்சுங்கின் எஸ் பென் ஐபாட்டில் எழுதாது.

இவ்விரண்டுக்கும் இடையில் இன்னொரு வகையும் விற்கிறார்கள். பற்றறி இருக்கும், முனை மெல்லியதாக இருக்கும், 'எல்லாத் திரைக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். பொருந்துவது உண்மைதான். ஆனால் உள்ளங்கையைப் பிரித்தறியாது. மெல்லிய முனையைப் பார்த்து மயங்கி வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

முதலில் ரப்லெற்றின் பெயரைக் கேளுங்கள்

எந்த எழுதுகோல் நல்லது என்று கேட்க முன்னர், எம்மிடம் இருப்பது எந்த ரப்லெற் என்று அறிய வேண்டும். ஐபாட்டின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில், ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும் இலக்கம் ஒன்று இருக்கும். அமைப்புகளில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' என்ற இடத்திலும் பெயரும் தலைமுறையும் கிடைக்கும். ஏனைய ரப்லெற்றுகளிலும் அமைப்புகளின் கடைசியில் 'அபவுட்' என்ற பகுதி உண்டு. அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

ஐபாட் வைத்திருப்போருக்கு: சாதாரண ஐபாட்டுகளில் 2018இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் அப்பிள் பென்சில் வேலை செய்யும். 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் எந்த அப்பிள் பென்சிலும் எழுதாது. ஆறு முதல் ஒன்பது வரையான தலைமுறைகளுக்கு 2015இல் வெளிவந்த முதலாவது பென்சில் மட்டுமே பொருந்தும். 2022இல் வந்த பத்தாம் தலைமுறைக்கும், 2025இல் வந்த அடுத்ததற்கும், 2023இல் வெளியான யூ.எஸ்.பி.-சி பென்சில் பொருந்தும். முதலாவது பென்சிலையும் ஓர் இணைப்பானுடன் பாவிக்கலாம். 2018இல் வந்த இரண்டாவது பென்சில் ஐபாட்டின் பக்கத்தில் காந்தத்தால் ஒட்டி மின்னேற்றம் பெறுவது. சாதாரண ஐபாட் எதிலும் அது வேலை செய்யாது. ஏர், மினி, புரோ வகைகளில் சிலவற்றுக்கு மட்டுமே உரியது. 2024இல் வந்த பென்சில் புரோவும் புதிய ஏர், மினி, புரோ வகைகளுக்கே.

மேலே சொன்ன தகப்பனார் வாங்கியது இரண்டாவது பென்சில். வீட்டில் இருந்ததோ 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபாட். இரண்டும் அப்பிள்தான். ஆனாலும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை.

சம்சுங் வைத்திருப்போருக்கு: 'எஸ்' வரிசை ரப்லெற்றுகளில் பல எஸ் பென்னோடு சேர்ந்தே வருகின்றன. 2020இல் வந்த எஸ்6 லைற் இவற்றில் விலை குறைந்த ஒன்று. ஆனால் மலிவான ஏ8, ஏ9 வகைகளில் எஸ் பென் எழுதாது. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால் காசு போய்விடும்.

குரோம்புக் வைத்திருப்போருக்கு: சில குரோம்புக்குகள் யூ.எஸ்.ஐ. எனப்படும் பொது முறையை ஏற்கும். அந்த முறையை ஏற்கும் கருவி என்றால், அதே முறையில் செய்த எழுதுகோலை எந்த நிறுவனத்திடமிருந்தும் வாங்கலாம். பள்ளிக்கூடம் இரவலாகத் தந்த கருவியானால், வாங்க முன்னர் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதுகோலையும் அவர்களே தரக்கூடும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எது முதலில் கெடுகிறது?

'நீடித்து உழைக்குமா?' என்று கேட்கும் எம்மவர் எழுதுகோலின் தண்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். உலோகமா, பிளாஸ்ரிக்கா என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். தண்டு உடைந்து வீசிய எழுதுகோலை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். கெடுவது வேறு இடங்களில்.

முதலாவது முனை. இது செருப்பின் அடியைப் போன்றது. நடந்தால் தேயத்தான் செய்யும். றப்பர் முனை வெடித்துக் கிழியும். வலைத்துணி றப்பரைவிடக் கூடக் காலம் நிற்கும், ஆனால் நூல் பிரியத் தொடங்கினால் முடிந்தது. வட்டத்தகடு நன்றாக எழுதும், ஆனால் கீழே விழுந்தால் தகடு கழன்றுவிடும். இரண்டாம் சாதி எழுதுகோல்களின் கடினமான பிளாஸ்ரிக் முனையும் தேயும், ஆனால் அதை மாற்றலாம். அப்பிள் பென்சிலின் முனையை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். நான்கு முனைகள் ஒரு பொதியாக விற்கிறார்கள், அது எல்லா அப்பிள் பென்சிலுக்கும் பொருந்தும். எஸ் பென்னின் முனையைச் சிறு சாவணத்தால் நேராக இழுத்து எடுக்கலாம். முனை மாற்ற முடியாத எழுதுகோல், விலை எதுவாக இருந்தாலும், முனை தேய்ந்த அன்றே குப்பைக்குப் போகும்.

இரண்டாவது பற்றறி. அப்பிள் பென்சிலுக்குள் இருக்கும் பற்றறியை வீட்டில் மாற்ற முடியாது. மாதக்கணக்கில் மின்னேற்றாமல் மேசை இலாச்சிக்குள் போட்டு வைத்தால் பற்றறி அடியோடு இறங்கி, பிறகு எழும்பாமலே போகலாம். பாவித்த பென்சில் வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். எஸ் பென்னில் இந்தக் கவலை இல்லை. யப்பானின் வக்கொம் நிறுவனத்தின் முறையில் அது இயங்குகிறது. திரைக்கு அடியில் இருந்து வரும் மின்காந்த அலையே பேனைக்குள் இருக்கும் சுருளுக்குச் சக்தி கொடுக்கிறது. எனவே எழுதுவதற்கு மின்னேற்றம் தேவையில்லை. சில எஸ் பென்களில் உள்ள பற்றறி, தூரத்திலிருந்து படம் எடுப்பது போன்ற வேலைகளுக்கு மட்டுமே. இந்த வக்கொம் முறை எழுதுகோல்களை வேறு நிறுவனங்களும் செய்கின்றன. யேர்மனியின் ஸ்ரெட்லர் பென்சில் நிறுவனம் தன் வழமையான பென்சிலின் தோற்றத்திலேயே ஒன்றைச் செய்திருக்கிறது. பற்றறி இல்லாத பொருளுக்கு ஆயுள் கூட என்பது எமது அனுபவம்.

மூன்றாவது, விழுதலும் தொலைதலும். முதலாவது அப்பிள் பென்சிலின் தண்டு முழு உருளை, மேசையில் உருளும். அதன் பின்பக்க மூடி மிகச் சிறியது. அது கழன்று தரைவிரிப்பில் விழுந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குள் போன வீடுகள் உண்டு. மின்னேற்றும்போது பென்சில் ஐபாட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். ஓடித் திரியும் சின்னப்பிள்ளை தட்டினால் முறியக்கூடும். லொஜிரெக் நிறுவனம் 2018இல் பள்ளிக்கூடங்களுக்கென்று செய்த கிரயோன் என்ற எழுதுகோல் தட்டையானது, ஆகவே உருளாது. ஐபாட்டுக்கு மட்டும் உரியது. அப்பிள் பென்சிலைவிட விலையும் குறைவு.

எமது வகுப்பில் நடந்தது

இதைச் சொல்லும்போது எமது பிழையையும் சொல்ல வேண்டும். தமிழ் வகுப்புக்கென்று பெற்றோர் சேர்த்துத் தந்த காசில் ஒருமுறை பன்னிரண்டு றப்பர் முனை எழுதுகோல்களை ஒன்றாக வாங்கினோம். ஒன்றின் விலையைப் பார்த்து மகிழ்ந்தோம். முனை மாற்றலாமா என்று கேட்கவில்லை. ஒரு தவணை முடிய முன்னர் எட்டின் முனை கிழிந்துவிட்டது. கடைக்காரர் தனி முனை விற்பதில்லை என்றார். திரும்பவும் பன்னிரண்டு வாங்கினோம். இரண்டாம் முறையும் அதே கதை. இரண்டு முறை கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால், முனை மாற்றக்கூடிய நல்ல எழுதுகோல் சிலவற்றை வாங்கிப் பிள்ளைகள் முறை வைத்துப் பாவித்திருக்கலாம். பெற்றோரின் காசு அது. இன்றும் மனதை உறுத்துகிறது.

கடையில் என்ன பார்ப்பது?

1. ரப்லெற்றின் சரியான பெயரும் தலைமுறையும் பெட்டியில் எழுதப்பட்டிருக்கிறதா? 'எல்லா ஐபாட்டுக்கும்' என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

2. முனையை மாற்றலாமா? மேலதிக முனை பெட்டிக்குள் இருக்கிறதா? தனியாக எங்கே வாங்கலாம்?

3. உள்ளங்கையை ஊன்றி எழுதலாமா? இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு இது இரட்டிப்புத் தேவை.

4. மின்னேற்றம் எந்த வயரில்? வீட்டில் ஏற்கனவே இருக்கும் வயரானால் நல்லது.

5. பிள்ளையின் கைக்குப் பொருந்துமா? முடியுமானால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

6. அழுத்தத்துக்கேற்ப கோடு தடிப்பது போன்ற வசதிகள் ஓவியம் வரைவோருக்கு. யூ.எஸ்.பி.-சி பென்சிலிலும் கிரயோனிலும் அது இல்லை. வெறும் எழுத்துக்கு அது தேவையும் இல்லை. தேவையற்றதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? யூ.எஸ்.பி.-சி பென்சில் வெளிவந்தபோது இங்கு 79 பவுண்ட்ஸ், பென்சில் புரோ 129 பவுண்ட்ஸ். வித்தியாசம் 50 பவுண்ட்ஸ்.

7. கடைசியாக, எமது சொந்தப் பரீட்சை ஒன்று. கடையில் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் ரப்லெற்றில் 'அம்மம்மாவுக்குப் பத்துப் பூக்கள்' என்று வழமையான வேகத்தில் எழுதிப் பாருங்கள். புள்ளி ஒவ்வொன்றும் விழுகிறதா? 'ண', 'ன' இரண்டையும் எழுதினால் சுழிகள் தனித்தனியே தெரிகின்றனவா? ஆங்கிலம் எழுதிப் பார்த்து நல்லது என்று சொல்பவருக்கு இந்தக் குறை தெரியாது. தமிழுக்கு இது உயிர்.

சட்டம் எம் பக்கம்

புதிதாக வந்தவர்கள் பலர், வாங்கிய பொருள் பழுதென்றால் விதியை நொந்துகொண்டு இருந்துவிடுகிறார்கள். பற்றுச்சீட்டையும் எறிந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. இந்த நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதானதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின்னரும் முதல் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். 'கொம்பனிக்கு எழுதுங்கோ' என்று கடைக்காரர் கையை விரிக்க முடியாது. பொறுப்பு விற்ற கடைக்குத்தான்.

இணையத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு. பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே, வேண்டாம் என்று அறிவிக்கலாம். ரப்லெற்றுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கடைக்கு நேரில் போய் வாங்கிய நல்ல பொருளை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பி எடுக்கும்படி சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தாது. அது கடையின் விருப்பம். தனி ஆளிடம் பாவித்த பொருள் வாங்கினால் எமக்கு உள்ள உரிமை மிகக் குறைவு. எனவே அப்படி வாங்குவதானால், உங்கள் ரப்லெற்றையும் கொண்டுபோய், அவர் முன்னிலையில் இணைத்து, எழுதிப் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள். கடைக்காரரோடு பிணக்கு வந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

வீட்டில் பேணும் முறை

திரையில் மணல், பிஸ்கற் தூள் இருந்தால் முனையும் தேயும், கண்ணாடியும் கீறும். எழுதத் தொடங்க முன்னர் மெல்லிய துணியால் துடைக்கப் பழக்குங்கள். தாளைப் போன்ற சொரசொரப்பான திரை உறை ஒட்டினால் கை வழுக்காது, எழுத்து அழகாக வரும். ஆனால் முனை விரைவில் தேயும் என்பதையும் தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை முனையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ கூர்விளிம்போ தட்டுப்பட்டால் உடனே மாற்றுங்கள். முனை முழுதாகத் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் வெளியே வந்தால், கெடுவது எழுதுகோல் மட்டுமல்ல, திரையும் சேர்ந்துதான். கோடை விடுமுறையில் பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை மின்னேற்றி வையுங்கள். எழுதுகோலுக்கென்று ஒரே இடம் வையுங்கள். பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு இதற்கு நன்றாகப் பொருந்தும்.

இன்னுமொன்று. இப்போதுதான் எழுத்துப் பழகும் சிறு பிள்ளைக்கு எழுதுகோல் வாங்க அவசரப்பட வேண்டாம். ஒற்றை றூள் கொப்பியும் பென்சிலும் போதும். எழுத்தின் உருவம் கையில் படிந்த பிறகு திரைக்கு வரட்டும். மறுபக்கத்தில், எழுத்து மறந்துபோன இளைஞருக்கு இந்த எழுதுகோல் ஒரு வழி திறக்கிறது. அன்ட்ரொயிட் ரப்லெற்றுகளில் கூகிளின் விசைப்பலகையைத் தமிழ்க் கையெழுத்துக்கு மாற்றினால், கையால் எழுதுவதை அதுவே அச்செழுத்தாக மாற்றித் தரும். பிழையாக எழுதினால் வேறு எழுத்து வந்து நிற்கும். அதுவே ஒரு நல்ல பயிற்சி.

அம்மம்மாவின் சிவப்புப் பேனை

அந்தத் தகப்பனாருக்கு நாம் என்ன சொன்னோம்? ஒன்பதாம் தலைமுறை ஐபாட்டுக்குப் பொருந்துவது என்று பெட்டியில் எழுதியிருந்த, உள்ளங்கையைப் பிரித்தறியும், மேலதிக முனை இரண்டு கூடவே வந்த எழுதுகோல் ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கச் சொன்னோம். அப்பிள் முத்திரை அதில் இல்லை. ஏறத்தாழ இருபது பவுண்ட்ஸ். சரிவராவிட்டால் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்றும் சொல்லி வைத்தோம். திருப்பி அனுப்ப வேண்டி வரவில்லை. ஒரு முனை தேய்ந்து, இரண்டாவதைச் சிறுமி தானே திருகிப் பூட்டிவிட்டாளாம்.

அதில் அவள் எழுதிய முதற் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள். பருத்தித்துறையிலிருந்து திருத்தி வந்த பிரதி அது. அம்மம்மா அதைக் கடையில் கொடுத்து அச்செடுத்து, சிவப்புப் பேனையால் திருத்தி, திரும்பப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'மழை' என்பது 'மளை' என்று இருந்த இடத்தில் ஒரு வட்டம். 'பள்ளி' 'பல்லி' ஆகியிருந்த இடத்தில் இன்னொரு வட்டம், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். கீழே அழகான வட்ட எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: "புள்ளியில் பிழை இல்லை. அன்றைக்குப் பேசினதற்குக் குறை நினைக்காதே பிள்ளை."

தாயாரும் அன்று வகுப்புக்கு வந்திருந்தார். அவரும் மகளிடம் அதையே சொன்னதாகப் பிறகு எம்மிடம் கூறினார்.

எழுதுகோல் வாங்கி ஏமாந்தவர்களும், நல்லதாக ஒன்று கண்டுபிடித்தவர்களும் உங்களுள் இருப்பீர்கள். எந்த ரப்லெற், எந்த எழுதுகோல், எத்தனை காலம் நின்றது என்று எமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும். கையெழுத்தில் எழுதினால் இன்னும் மகிழ்வோம். புள்ளி வைக்க மறக்க வேண்டாம்.